கறுப்புக் காருக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஏறி உட்காரத் தெரியும், இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தத் தெரியும். ஓங்கிச் சாத்தக்கூடாது என்பதே மருமகள் வந்த பிறகுதான் தெரிந்தது. அதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சாத்திய சத்தத்தில் அவள் ஒரு கணம் கண்ணை இறுக மூடித் திறந்தாள். அதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள் என்பதுதான் அவளிடம் எனக்கு இருந்த ஒரே குறை.

அவள் திருச்சூர்க்காரி, மலையாளப் பெண். என் மகனும் அவளும் கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பழகி, இரண்டு வீட்டிலும் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். நாங்கள் இருப்பது ஊரின் இந்தக் கோடியில், கரமனைப் பக்கம்; கழக்கூட்டம் அந்தக் கோடி. நான் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டது. சமையலில் மட்டும் கலக்கவிடவில்லை. மருமகள் வந்து இறங்கியபோது தெருவில் உள்ளவர்கள் அவள் கழுத்தையும் கையையும் பார்த்ததைவிட, அவள் ஓட்டிக்கொண்டு வந்த காரைப் பார்த்ததுதான் அதிகம். கறுப்புக் கார். கல்யாணத்துக்கு முன்பே அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் எங்கள் வீட்டு முற்றத்தை எட்டுவதற்குள் அவள் அதைக் குளிப்பாட்டி முடித்துவிடுவாள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தேங்காய் துருவுவேன். இரண்டு நீல பக்கெட். ஒன்றில் சோப்புத் தண்ணீர். நம் சோப்பு இல்லை, காருக்கென்றே விற்கிற ஷாம்பு. இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாயைப் பீச்சி மண்ணையெல்லாம் ஓடவிடுவாள், கையே வைக்கமாட்டாள். பிறகு பஞ்சு போலிருக்கும் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு கூரையிலிருந்து கீழே வருவாள். நாலு இழுப்பு இழுத்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசியாக வேண்டும், அப்புறம்தான் மறுபடி சோப்பு. சக்கரத்துக்கு வேறு துணி, துடைக்க வேறு துணி. மாதம் ஒரு தரம் மெழுகு. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவுதான் எடுப்பாள். அதை ஒரு கதவு முழுக்கப் பரத்தி, வெளுத்துக் காயும்வரை காத்திருந்து, மெத்தென்ற துணியால் துடைத்தெடுப்பாள். அன்று சாயங்காலம் மழை பெய்தால் பார்க்க வேண்டும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடும். அவள் போர்ட்டிகோவில் நின்று அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

நான் பெற்ற பிள்ளையை இந்த நறுவிசில் குளிப்பாட்டியதில்லை. அவனுக்கு நாலு செம்பு தண்ணீர், முதுகில் ஓர் அடி, ஒரு துண்டு. அவ்வளவுதான். நன்றாகத்தான் வளர்ந்தான்.

மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது ஒரு மாமியாருக்கு எவ்வளவு பெரிய சங்கடம் தெரியுமா? ரசத்தில் உப்பு கூடிப்போனால், "சாரமில்ல அம்மா" என்பாள். பரவாயில்லை என்று அர்த்தம். அவள் சுடிதாரை என் மஞ்சள் சேலையோடு மெஷினில் போட்டுச் சாயம் ஏற்றிவிட்டேன். "சாரமில்ல அம்மா." ஆபீசுக்கு நேரமாகிறது என்று அவள் தவிக்கும்போது நான் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றை ஆரம்பித்தேன். அதற்கும் சாரமில்ல. என் மகன் என்னிடம் வள்ளென்று விழுவான், நானும் திருப்பி விழுவேன், அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் வாழைக்காய் பஜ்ஜி தின்போம். இவளோ விருந்துக்கு வந்த இடத்தில் இருப்பது போலவே இருந்தாள். ஒரு வருஷம் ஆகியும் விருந்து முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. என் இரும்பு அலமாரி அவர்கள் அறையில் இருந்தது. ஒரு சேலை எடுக்கப் போனவள் கதவைத் திறந்தபோது, மருமகள் ஜன்னலோரம் நின்று போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். கழக்கூட்டத்தில் ஃபிளாட், இரண்டு படுக்கையறை, ஆபீஸ் பத்து நிமிஷம். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். நான் ஒன்றும் கேட்காதவள் போலச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து, சமையலறையில் அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். ஒரே பிள்ளை. அவன் போவது ஒரு பக்கம். அவள் இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருந்த மாதிரி இல்லாமலே போகப் போகிறாள் என்பது இன்னொரு பக்கம்.

"எல்லாம் ஊர் உலகத்துல நடக்கதுதானே. தினம் ரெண்டு மணி நேரம் ரோட்டுல கெடந்து சாவுதுங்க பிள்ளைங்க" என்றார் என் வீட்டுக்காரர், நான் போய்ச் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கென்ன, பேப்பர் வந்தாப் போதும்" என்றேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் காரில் பொன்முடி போனார்கள். மலையில் மழை. கல்லாறு தாண்டி ஏதோ ஓரிடத்தில் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது காரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. இடுப்புவரை செம்மண், அதற்குக் கீழே வரிசை வரிசையாகத் தார்ப்புள்ளி. மறுநாள் விடிந்ததும் அவர்கள் திருச்சூருக்கு ரயிலேற வேண்டும், அவள் சித்தி மகள் கல்யாணம். கழுவ நேரமில்லை. ஆட்டோவில் ஏறுகிறவள் காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை விட்டுப் போகிறவள் முகம் மாதிரி இருந்தது.

"அம்மா, கார் தொடண்டா, கேட்டோ. செவ்வாய்க்கிழமை வந்திட்டு நான் பார்த்துக்கறேன்."

கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் எங்கள் ஊரில் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சாப்பிடுகிறவர் இலையை மறைத்துக்கொண்டு வேண்டாம் என்றால், முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு. மூன்றாவது தரம் இலையில் குப்புற விழுந்து தடுத்தால்தான் அது வேண்டாம். அதற்குள் கரண்டியை எடுத்துக்கொண்டு போகிறவள் பரிமாறத் தெரியாதவள். இவள் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். அதுவும் ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைக்கிறது பாவம், என்று எடுத்துக்கொண்டேன். அவள் வந்து இறங்கும்போது கார் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும். அதைப் பார்த்து அவள் முகம் மலர வேண்டும். இந்த வீட்டில் நமக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். ஃபிளாட்டாவது மண்ணாவது. இதுதான் என் திட்டம்.

திங்கட்கிழமை சமையலை முடித்துவிட்டு இறங்கினேன்.

"ஏட்டி, அவ தொடாண்டாம்னுல்லா சொல்லிட்டுப் போனா?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. குழாயப் பிடிங்க."

பிடித்தார். மண் நன்றாகவே போனது. அவள் பக்கெட்டுகளையும் கையுறையையும் நான் தொடவில்லை. அது அவள் சாமான், கேட்காமல் எடுக்கலாமா என்று ஒரு மரியாதை! காரையே கேட்காமல் எடுத்தவளுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள். பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். தார்ப்புள்ளி மட்டும் அசையவில்லை. நகத்தால் சுரண்டப் போனவள், நல்லவேளை, தேங்காயெண்ணெய் ஞாபகம் வந்து நிறுத்தினேன். பலாப்பழப் பசை கையில் ஒட்டினால் எண்ணெய்தானே எடுக்கும்? ஒரு பஞ்சில் தொட்டு வைத்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால், அம்மாடி, தார் கரைந்து அப்படியே வந்துவிட்டது! ஒரு புள்ளி பாக்கியில்லை.

அங்கே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் எண்ணெய் பட்ட இடம் என்னமாய் மின்னியது தெரியுமா? சுற்றியுள்ள கறுப்பெல்லாம் வெளிறிப்போய், அந்த இடம் மட்டும் எண்ணெய் வைத்துச் சீவின கூந்தல் மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் தொட்டேன். அப்புறம் குப்பியோடு கவிழ்த்தேன். கூரை, முகம், நாலு கதவு, பின்புறம், எங்கும் வழிய வழியத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரையும் இந்தக் குற்றத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எண்ணெய் தேய்த்தால் அப்படியே விடுவார்களா? எண்ணெய் இறங்க வேண்டாமா? காருக்கான ஷாம்புவைத் தொடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. அதனால் எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு அடுத்து எது வருமோ அது வந்தது. ஊரிலிருந்து அரைத்துக் கொண்டுவந்து டின்னில் வைத்திருந்த சீயக்காய்ப் பொடி. கஞ்சித் தண்ணீரில் குழைத்தேன். தேய்ப்பதற்கு? பின்பக்கக் கொடியில் காய்ந்து தொங்கிய பீர்க்கங்கூடு இருந்தது. அதைக்கொண்டு தேய்த்தால் உடம்புக்கு என்ன சுகம்! வட்டம் வட்டமாக, அழுத்தி, மூச்சு வாங்கத் தேய்த்தேன். உடம்பில் எங்கெல்லாம் அழுக்குச் சேருமோ அந்த நினைப்பிலேயே கதவிடுக்கு, கைப்பிடிக் குழி எதையும் விடவில்லை. வாசம் தெரு முனைவரை போனது. எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா, அங்க யாருக்கு எண்ணெ தேச்சுக் குளி?" என்று கேட்டாள். நான் பெருமையோடு காரைக் காட்டினேன்.

அலசிவிட்டு உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர் குடித்தேன். அதற்குள் வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. கார் காய்ந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்தி வலை. வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஆயிரம் கீறல். எங்கே என் கை அழுத்தியதோ அங்கே அதிகம். ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. கட்டைவிரலால் தேய்த்தேன், போகவில்லை. கறுப்பு இருந்த இடத்தில் ஏதோ சாம்பல் நிறம் இருந்தது.

"கீறிட்டே ஏட்டி" என்றார் அவர், மெல்ல.

"வாய மூடுங்க" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பயந்தவள் புத்தி எங்கே போகும்? மறுபடி எண்ணெயைத்தான் தேடிப் போனேன். ஒரு பூச்சுப் பூசினேன். என்ன ஆச்சரியம், கீறல் மறைந்து மறுபடி மினுமினுப்பு. கடவுள் இருக்கிறார் என்று போய்ப் படுத்துவிட்டேன். கடவுளும் இருந்தார், பக்கத்து வீட்டு மாமரமும் இருந்தது. அது பூத்துச் சொரிகிற மாதம். மாம்பூந் தூள், ரோட்டுத் தூசி, அறுப்புக்கூடத்து மரத்தூள் என்று கரமனையில் பறக்கிற சகலமும் அன்றைக்கு அந்தக் காரில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அது கடலைமாவில் புரட்டின பஜ்ஜி மாதிரி நின்றது. துடைத்தால் தூசியும் எண்ணெயும் குழைந்து இன்னும் கீறியது. அதோடு கையை எடுத்தேன்.

அவர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். ஆட்டோவுக்கு என் மகன் சில்லறை எண்ணிக்கொண்டிருக்க, அவள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். வந்தவள் நின்றாள். பையைக் கீழே வைத்தாள். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். இரண்டு கையாலும் கதவைத் தடவி, விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"நான்தான் மக்களே" என்றேன் அவளிடம். "பொன்முடிச் சேறா இருந்துதேன்னு... எண்ணெ வச்சேன். அப்புறம் சீயக்கா போட்டுத் தேச்சேன். பீர்க்கங்கூட்டால. நல்லாயிருக்கும்னு நெனச்சுத்தான்."

அவள் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் வடிந்துபோயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"சாரமில்ல அம்மா."

எனக்கு வந்ததே கோபம்! தப்புச் செய்தது நான், கோபம் வந்ததும் எனக்கு. என் நாக்குக்கு இதெல்லாம் ஒரு தடையா?

"எப்பிடிச் சாரமில்லாமப் போவும்? நாலு கதவும் நாசமாக் கெடக்கு, சாரமில்லையாம்! எனக்கு உன் சாரமில்ல வேண்டாம் பிள்ளே. ஏசு என்னைய. வாய் நெறய ஏசு. உன் அம்மை இதச் செஞ்சிருந்தா சும்மா விடுவியா?"

என் மகன் கேட்டுக்கு வெளியே சில்லறையோடு அப்படியே நின்றான். உள்ளே வரும் உத்தேசம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வந்தது பாருங்கள்.

"தொடண்டான்னு நான் பறஞ்சதல்லே? பறஞ்சதல்லே அம்மா? தலையில தேய்க்கிற சாதனம் எடுத்து ஆராவது காரில தேய்க்குமோ? புத்தி உண்டோ? மூணு வருஷமா ஒரு கீறல் விழாம நோக்கின வண்டியாணு இது! என்டெ அச்சன் வேண்டான்னு சொல்லி, நான் சண்டை போட்டு வாங்கின வண்டி!" மலையாளமும் தமிழுமாகக் கொட்டினாள். குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு மாடியில் மறுபடி ஒரு தலை. "அலமாரியில எதாவது எடுக்கணும்னா அம்மா கதவைத் திறந்து வரும். என் துணி எடுத்து மடிக்கும். என் தலையணை மாத்திப் போடும். எல்லாம் அம்மாவுக்கு இஷ்டம் போல. நான் ஒண்ணும் பறயல. இந்த வீட்டில எனக்குன்னு இருந்தது இந்த வண்டி ஒண்ணுதான். அதையும்..."

சேற்றில் விழுந்த குழந்தை மாதிரி கையை விரித்துக்கொண்டு அழுதாள். கை முழுக்க எண்ணெய், கண்ணைத் துடைக்க முடியவில்லை.

என் முந்தானையால் நான் துடைத்தேன். அவள் தட்டிவிட்டாள். மறுபடி துடைத்தேன். இந்த முறை விட்டுவிட்டாள். ஒரு வருஷமாக விருந்தாளி மாதிரி இருக்கிறாளே என்று குறைப்பட்டேனே, அவளுக்கு உட்கார நான் எங்கே இடம் விட்டேன்?

மறுநாள் அவர்கள் ஆபீஸ் போனதும் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருஷச் சேலை, என் அம்மா தந்த வெண்கலப் பானை, மகன் எட்டாம் வகுப்பில் வாங்கின கோப்பை, எதற்கென்றே தெரியாத சாவிகள். வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரருமாக அலமாரியைத் தூக்கி எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே இனிமேல் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்று அவர் முணுமுணுத்தார். நடக்கட்டும். அன்று சாயங்காலம் அவள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள். கழுவாத கேரட். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாமி சத்தியமாக.

காரைச் சரிப்படுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. வெளியே கொடுக்கலாம் என்றான் மகன். அவள் கேட்கவில்லை. முதல் ஞாயிறு முழுக்க எண்ணெயை இறக்கவே போய்விட்டது. கீறலை எடுக்க ஒரு பசை இருக்கிறதாம், காம்பவுண்டு என்று. ஒரு கதவில் ஒரு முழம் சதுரம் அளந்துகொண்டு, பயறு அளவு பசையை வைத்து, மெதுவாகத் தேய்த்து, துடைத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்க்க வேண்டும். வலை போயிருந்தால் அடுத்த சதுரம். போகவில்லை என்றால் அதே சதுரம். அதற்கப்புறம் பாலிஷ், அதற்கப்புறம்தான் மெழுகு. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஒரு துணியை என் மடியில் போட்டாள்.

"நேரா. வட்டமா வேண்டா. அழுத்தண்டா."

நேராகத் தேய்த்தேன். கை பழக்கத்தில் வட்டத்துக்குப் போகும்.

"அம்மா! வட்டம்!"

"போட்டும், பிள்ளே, போட்டும். கை தெரியாமப் போச்சு."

"தெரியாமயா? பீர்க்கங்கூடுகூடத் தெரியாமத்தான் வந்தது, அல்லே?"

இப்படிப் பேச்சு வாங்கிக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஒரு கதவு செய்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று என் வீட்டுக்காரருக்குச் சொன்னால் புரியாது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் மழை வந்தது. நான் செய்த கதவில் தண்ணீர் நிற்காமல் உருண்டது. கைப்பிடிக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வலை மிச்சம் இருக்கிறது, இன்றைக்கும். அங்கே பசை போடப் போட பெயின்ட் மெலிந்துவிடுமாம், அதனால் விட்டுவிட்டாள்.

ஃபிளாட்டுக்குப் போகமாட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதுதான் என் இரண்டாவது முட்டாள்தனம். போனார்கள். பைபாஸ் நெரிசல் என் முந்தானைக்கோ காலியான அலமாரி இடத்துக்கோ பயந்து குறைந்துவிடுமா? காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கண் சொருகிக்கொண்டு வருகிறார்கள். அவளே என்னை உட்காரவைத்துச் சொன்னாள், கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஒளிக்கவில்லை. நான், "வேண்டாம் மக்களே" என்று மூன்று தரம் சொன்னேன். பிறகு அவர்களுக்கு வேண்டிய பாத்திரங்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன். இட்லிக் கொப்பரையைத் துணியில் சுற்றும்போது அழுதேன். அதை மறைக்கவும் இல்லை.

சாமான் ஏற்ற ஒரு சின்ன லாரி வந்தது. எல்லாம் ஏற்றியாயிற்று. மகன் லாரிக்காரர் பக்கத்தில் ஏறிக்கொண்டான், அவள் தன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். அப்போதுதான் பார்த்தேன், படிக்கட்டுக்குக் கீழே இரண்டு நீல பக்கெட்டும், அதற்குள் கையுறை, துணிகள், ஷாம்பு, மெழுகு டப்பா எல்லாமும் அப்படியே இருந்தன. இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

"இத மறந்துட்டியே பிள்ளே!"

அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"மறந்ததல்ல அம்மா. அது இவிடெ இருக்கட்டும். இதும் என்டெ வீடுதானே?" என்றாள். நான் பக்கெட்டுகளோடு நின்றேன். அவள் காரைக் கிளப்பிவிட்டு, மறுபடி தலையை வெளியே நீட்டினாள். "ஞாயிற்றுக்கிழமை காலையில வருவேன். அதுக்குள்ள அந்தத் துணி எடுத்துத் தரை துடைச்சா, நான் ஏசுவேன், கேட்டோ."

"ஏசு தாயே, ஏசு" என்றேன்.

கார் தெரு முனையில் திரும்புகிறவரை அங்கேயே நின்றேன். பிறகு பக்கெட்டுகளை உள்ளே கொண்டுபோய், முன்பு என் அலமாரி நின்ற இடத்தில் வைத்து, அந்த அறைக் கதவைச் சாத்தினேன். அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.